எள்ளுருண்டைப் போத்தலில் விடுபட்ட ஒரு வரி

2025 தை மாதத்தில் வவுனியாவிலுள்ள ஒரு கடையில் வாங்கிய 200 கிராம் எள்ளுருண்டைப் போத்தலைத் திறந்து அரை உருண்டை தின்ற ஆறு வயதுப் பிள்ளைக்கு, கால் மணி நேரத்துக்குள் உதடு வீங்கிக் கழுத்திலும் கையிலும் தடிப்புப் போட்டது. பிள்ளைக்குக் கச்சான் (நிலக்கடலை) ஒத்துக்கொள்ளாது என்பது தாய்க்கு முன்பே தெரியும். அதனாலேயே அவர் கடையில் நின்றபடி போத்தலைத் திருப்பி, எள்ளு, பனங்கட்டி, ஏலக்காய் ஆகிய மூன்றைத் தவிர வேறெதுவும் எழுதப்படவில்லை என்று பார்த்த பிறகே காசு கொடுத்திருந்தார். பிள்ளையை வைத்தியசாலையில் ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தப் போத்தலின் லேபலை எழுதிக் கொடுத்தவன் நான்.

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஏழு பெண்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சிறு உற்பத்தி இடத்தில் தொடங்கி, வவுனியாவில் ஓர் அச்சகத்துக்கும் ஒரு கடைக்கும் போய், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் மேசையில் முடிந்த இந்த விவகாரத்தை ஒழுங்காக எழுதி வைப்பதற்குக் காரணம் உண்டு. உணவு லேபல் பற்றிய விதிகள் அண்மைய ஆண்டுகளில் இறுக்கமடைந்து வருகின்றன. பெரிய நிறுவனங்களிடம் அவற்றை வாசித்து விளங்கிக்கொள்ளத் தனிப் பிரிவுகளே இருக்கின்றன. வன்னியில் மாதர் சங்கங்களும் வீட்டுக் கைத்தொழில்காரரும், பக்கத்துக் கடையில் விற்கும் இன்னொருவருடைய போத்தலைப் பார்த்து எழுதிக்கொள்கிறார்கள். அப்படிப் பார்த்தெழுதும் வேலையில் அவர்களுக்கு உதவிய ஒருவன் என்ற முறையில், பிழை எந்த இடத்தில் புகுந்தது என்பதை என்னால் ஓரளவு நிச்சயமாகச் சொல்ல முடியும்.

நடந்தது

தகரம் போட்ட ஒரு நீள அறை, இரண்டு அடுப்பு, இரண்டு பெரிய தாச்சி, உருண்டை பிடித்து ஆறவிடும் நாலைந்து தட்டம்: அவ்வளவுதான் அந்த இடம். காலையில் கச்சானை வறுத்துத் தோல் புடைத்துக் கச்சான் அல்வாவுக்குப் பாகு காய்ச்சுவார்கள். அது முடிந்ததும் தாச்சியைத் துணியால் துடைத்துவிட்டு எள்ளை வறுக்கத் தொடங்குவார்கள். கழுவினால் தாச்சி மறுபடி காயும்வரை விறகு வீணாகும் என்பதும், அடியில் ஒட்டிய பாகு எள்ளுக்கும் இனிப்புத்தானே என்பதும் அவர்களுடைய கணக்கு. கச்சான் புடைத்த அதே சுளகில்தான் எள்ளும் புடைக்கப்பட்டது. இதில் எவரும் எதையும் ஒளிக்கவில்லை. அவர்களில் மூத்த அக்காவிடம் கேட்டபோது, “வீட்டிலயும் இப்பிடித்தானே தம்பி செய்யிறனாங்கள்” என்றார். அது உண்மை.

லேபலை எழுதியபோது இது எனக்குத் தெரிந்திருந்தது. சேர்மானங்களுக்குக் கீழே, “கச்சான் கையாளப்படும் இடத்தில் தயாரிக்கப்பட்டது” என்று ஒரு வரி எழுதித்தான் அச்சகத்துக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அச்சகத்துப் பையன் தொலைபேசியில் கூப்பிட்டு, எழுத்துகள் போத்தலின் அகலத்துக்குள் அடங்கவில்லை என்றும், ஒரு வரியை எடுத்தால் படத்தைக் கொஞ்சம் பெரிதாக வைக்கலாம் என்றும் சொன்னான். எந்த வரி என்று கேட்டேன். கடைசி வரி என்றான். எடுக்கச் சொன்னேன். 5,000 ஸ்டிக்கர் அடித்து வந்தது. முகப்பில் எள்ளுச் செடியின் படம் அழகாக இருந்தது என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

பி.எச்.ஐ. வந்த நாள்

தாய் முறைப்பாடு செய்தார். கடைக்காரர் மிஞ்சியிருந்த போத்தல்களை அன்றே தட்டிலிருந்து இறக்கினார். சில நாள்களில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) உற்பத்தி இடத்துக்கு வந்தார். வழக்குப் போட வருகிறார் என்று நினைத்த பெண்கள் பயத்தில் தாச்சி, தட்டம் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி வைத்திருந்தார்கள். அவர் பார்க்க விரும்பிய சான்றின் பாதி அப்படியே போயிற்று.

அவர் முதலில் கேட்டது தாச்சியைப் பற்றியல்ல, கொப்பியைப் பற்றி. இந்தப் போத்தல் எந்த நாள் சமைத்தது, அன்றைக்கு எந்த மூட்டை எள்ளு எடுத்தது, அந்தத் தொகுதியில் மொத்தம் எத்தனை போத்தல் நிரப்பியது, அவை எந்தெந்தக் கடைக்குப் போயின என்று வரிசையாகக் கேட்டார். விற்பனைக் கணக்குக் கொப்பி இருந்தது. அதில் எவர் எவ்வளவு தரவேண்டும் என்பது மட்டும் துல்லியமாக இருந்தது. சமைத்த நாள் எங்கும் எழுதப்படவில்லை. லேபலில் தொகுதி இலக்கம் என்று ஓரிடம் விட்டு அதில் “01” என்று நானே அச்சடிப்பித்திருந்தேன். 5,000 போத்தலுக்கும் ஒரே இலக்கம். பி.எச்.ஐ. அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை, “அப்ப ஒண்டில பிழை எண்டால் ஐயாயிரத்தையும் திருப்பி எடுக்கவேணும், தெரியுமோ?” என்று மட்டும் கேட்டார்.

அதன் பின்னர் லேபலை வரிவரியாக வாசித்தார். பனங்கட்டி என்று எழுதியிருந்தது. பனஞ்சாறு கிடைக்கும் மாதங்களில் அது சரி. மார்கழியில் சமைத்த தொகுதிக்குப் பனங்கட்டி கிடையாமல் நகரத்துக் கடையில் கரும்பில் செய்த சர்க்கரை (வெல்லம்) வாங்கிப் போட்டிருந்தார்கள்; லேபல் மாறவில்லை. கரும்புச் சர்க்கரையை வெளிறச் செய்யச் சில இடங்களில் ஹைட்ரோஸ் எனப்படும் சோடியம் ஹைட்ரோசல்பைற்றுக் கலப்பதுண்டு. பன்னாட்டு உணவு நியமங்களை வகுக்கும் கோடெக்ஸ் ஆணைக்குழுவின் நியமப்படி, சல்பைற்று ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம் அளவிலோ அதற்கு மேலோ இருந்தால் அதை லேபலில் அறிவிக்க வேண்டும்; ஆஸ்துமாக்காரருக்கு அது ஆகாது. ஆகவே, பனங்கட்டிக்குப் பதிலாகச் சர்க்கரை என்பது ருசியில் ஏற்படும் சிறு வித்தியாசத்தோடு முடிந்துவிடும் காரியமல்ல. “வன்னி எள்ளு” என்று முகப்பில் பெரிதாகப் போட்டிருந்தோம். தட்டுப்பாட்டுக் காலத்தில் வவுனியாவில் மொத்த விலைக்கு வாங்கிய ஒரு மூட்டை எங்கே விளைந்தது என்பது விற்ற வியாபாரிக்கே தெரியாது. எள்ளின் பிறப்பிடம் ஒரு பெருமைப் பேச்சு மட்டுமல்ல: 2020 இல் இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன எள்ளில் எதிலீன் ஒக்சைட்டு எச்சம் அங்கே அனுமதிக்கப்பட்ட, ஒரு கிலோவுக்கு 0.05 மில்லிகிராம் என்ற அளவை மிஞ்சியிருந்ததால், அந்த எள்ளு கலந்த பாணிலிருந்து பிஸ்கட் வரை ஏராளமான பொருள்கள் கடைகளிலிருந்து திருப்பி எடுக்கப்பட்டன. மூட்டை எங்கிருந்து வந்ததென்று எழுதி வைத்திருந்தவர்களால் அதற்குரிய பொருளை மட்டும் திருப்பி எடுக்க முடிந்தது.

கடைசியாக, பக்கவாட்டில் இருந்த “நீரிழிவுக்காரருக்கும் ஏற்றது” என்ற வசனத்தைப் பேனையால் சுற்றி வட்டமிட்டார். அதையும் நான்தான் எழுதினேன். பனங்கட்டி சீனியைப் போலல்ல என்று ஊரில் எல்லோரும் சொல்வதை அப்படியே எழுதிவிட்டேன். நோயைத் தடுக்கும், குணமாக்கும், நோயாளிக்கு ஏற்றது என்று உணவு லேபலில் நினைத்தபடி எழுத எவருக்கும் இடமில்லை. இந்த ஒன்றுக்காகவே அவர் எங்களை நீதவான் நீதிமன்றத்துக்கு அழைத்துப் போயிருக்கலாம். மிஞ்சிய ஸ்டிக்கரைப் பாவிக்கக் கூடாது, ஒரு மாதத்தில் திரும்ப வருவேன், அதுவரை எள்ளுருண்டை விற்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

சட்டம் கேட்பதும் கேட்காததும்

இலங்கையில் உணவுக்கு அடிப்படை 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம். 1991 இலும் 2011 இலும் அது திருத்தப்பட்டது. சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகமே அதன் கீழ் பிரதான உணவு அதிகாரி. ஊர் மட்டத்தில் சட்டத்தின் கையும் காலும் பி.எச்.ஐ.தான். விலை, எடை, மோசடி தொடர்பான முறைப்பாடுகளை 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை தனியாகப் பார்க்கிறது. லேபலுக்கென்று நீண்ட காலம் இருந்தவை 2005 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள். அவற்றின் இடத்தில் 2022 ஆம் ஆண்டின் உணவு (சுட்டியிடல் மற்றும் விளம்பரப்படுத்தல்) ஒழுங்குவிதிகள் கொண்டுவரப்பட்டன. பொருளின் பொதுப் பெயர், தேறிய நிறை, சேர்மானங்கள், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், உற்பத்தியாளரின் பெயரும் முகவரியும் ஆகியவை எல்லோரும் அறிந்த பழைய தேவைகள். ஒவ்வாமை தரும் பொருள்களைப் பற்றிய அறிவிப்புக்குப் புதியவற்றில் வெளிப்படையான இடம் கிடைத்திருக்கிறது.

உலக மட்டத்தில் இதே காலத்தில் ஒரு மாற்றம் நடந்தது. 2024 கார்த்திகையில் ஜெனீவாவில் கூடிய கோடெக்ஸ் ஆணைக்குழு, பொதி செய்த உணவுக்கான தன் லேபல் நியமத்தில் ஒவ்வாமைப் பட்டியலைத் திருத்தியது. எல்லா நாடுகளும் அறிவிக்க வேண்டிய பட்டியலில் எள்ளு புதிதாகச் சேர்க்கப்பட்டது. சோயா அந்தப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டு, அந்தந்த நாடு தேவையெனக் கண்டால் சேர்க்கலாம் என்ற இரண்டாம் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. எள்ளை உண்பதால் உயிராபத்து வரை போகக்கூடியவர்கள் இருக்கிறார்கள் என்பதை ஒட்டுசுட்டானில் சொன்னபோது பெண்கள் நம்பவில்லை. அமாவாசைக்கு எள்ளுச் சோறு, விரதத்துக்கு எள்ளுப்பாகு, பூப்புச் சடங்கு முடிந்த பிள்ளைக்கு நல்லெண்ணெய் என்று வளர்ந்தவர்களுக்கு அது நம்பக் கடினமானதுதான். ஆனால் கனடா 2012 இலிருந்து எள்ளை லேபலில் தனியாகக் காட்டச் சொல்கிறது. அமெரிக்கா 2023 தை (ஜனவரி) முதலாம் திகதியிலிருந்து. இந்தப் பெண்களுடைய போத்தலில் ஒரு பகுதி ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் உறவுகளின் பயணப்பெட்டிக்குள் போவதால், இது தொலைதூரத்துச் செய்தி என்று ஒதுக்கிவிட முடியாது.

எங்கள் போத்தலில் எள்ளு என்பது பெயரிலேயே இருந்தது, அதை மறைக்கவில்லை. கேள்வி கச்சானைப் பற்றியது. இங்கேதான் சட்டத்தில் ஓர் இடைவெளி கிடக்கிறது. ஒவ்வாமைப் பொருளைச் சேர்மானமாகப் போட்டால் அறிவிக்க வேண்டும் என்பதில் குழப்பமில்லை. போடாமலே, பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டு வந்தால்? “இருக்கக்கூடும்” என்று எழுதும் எச்சரிக்கை வசனம் பெரும்பாலான நாடுகளில் உற்பத்தியாளர் தாமாக எழுதுவதாகவே இருக்கிறது. ஆகவே நாங்கள் கச்சானை ஒரு சேர்மானமாக எழுதாதது பிழை என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தாய் வாசித்தது சட்டத்தின் வரைவிலக்கணத்தை அல்ல, போத்தலை.

ஒட்டிக்கொண்டு வருவது எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். உலக உணவு விவசாய அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு, கச்சானுக்கும் எள்ளுக்கும், எச்சரிக்கை வேண்டுமா என்று தீர்மானிக்க வழிகாட்டும் அளவாக 2 மில்லிகிராம் புரதத்தை முன்வைத்திருக்கிறது. கச்சானின் நிறையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு புரதம். ஆகவே 2 மில்லிகிராம் புரதம் என்பது 8 மில்லிகிராம் கச்சான். ஒரு பருப்பு அரைக் கிராம் வருமென்றால், அதன் அறுபதில் ஒரு பங்கு. தாச்சியின் விளிம்பில் காய்ந்த ஒரு பாகுத் துளியில் அதைவிட அதிகமாக இருக்கக்கூடும். அந்த அளவில்கூட ஒவ்வாமைக்காரரில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் வெளித்தெரியும் அறிகுறி காட்டக்கூடும் என்பதே அந்தக் கணக்கின் அடிப்படை. துணியால் துடைத்துவிட்டோம் என்ற எங்கள் பழக்கத்தின் பெறுமதி இதை வைத்துப் பார்க்கும்போது தெரிகிறது. நெருப்பில் காய்ந்துவிடும் என்ற நம்பிக்கையும் உதவாது. வறுப்பதால் கச்சானின் ஒவ்வாமைப் புரதம் அழிவதில்லை.

கொப்பி

மாசியிலும் பங்குனியிலும் தொடங்கிச் செய்தவற்றைச் சொல்கிறேன். சிறு உற்பத்தியாளருக்குத் தொழில்நுட்ப உதவி தரும் விதாதா வள நிலையத்துக்குப் போய்க் கேட்டதில், முதலில் லேபலை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு நாள் வேலையை எழுதப் பழகுங்கள் என்றார்கள். ஒற்றை வரியிட்ட ஒரு பெரிய கொப்பி வாங்கினோம். திகதி, எள்ளு எங்கிருந்து, எந்த மூட்டை, இனிப்பு பனங்கட்டியா சர்க்கரையா, எத்தனை போத்தல், எந்தக் கடை. முதல் கிழமை நான் பக்கத்தில் இருந்து எழுதுவித்தேன். இரண்டாம் கிழமை இளைய பெண் ஒருத்தி, சமைத்த திகதியையே தொகுதி இலக்கமாக்கினால் தனியாக ஒன்று நினைவு வைக்கத் தேவையில்லை என்றாள். அவள் சொன்னதைத்தான் இன்றும் பாவிக்கிறார்கள்.

எள்ளுக்கென்று தனித் தாச்சி, தனிச் சுளகு, தனித் தட்டம். இரண்டு அடுப்பில் ஒன்று எள்ளுக்கு மட்டும். கிழமையில் எள்ளு சமைக்கும் நாள் முதலில், கச்சான் நாள் பிறகு. நடுவில் எல்லாம் வெந்நீரும் சவர்க்காரமும் போட்டுக் கழுவ வேண்டும். விறகுக் கணக்குச் சொன்ன அக்காவே கழுவும் பொறுப்பை எடுத்துக்கொண்டார். இவ்வளவு செய்தும் ஒரே கூரையின் கீழ் என்பதால், எடுத்துப்போட்ட அந்த வரி திரும்ப லேபலுக்கு வந்தது. இந்த முறை படம் சிறிதாயிற்று.

காலாவதித் திகதிதான் எங்களை அதிகம் அலைக்கழித்தது. பழைய லேபலில் ஆறு மாதம் என்றிருந்தது. ஏன் ஆறு என்று பி.எச்.ஐ. கேட்டபோது எவரிடமும் பதில் இருக்கவில்லை. இன்னொரு போத்தலில் அப்படி இருந்தது, அவ்வளவுதான். எள்ளின் நிறையில் ஏறத்தாழ அரைவாசி எண்ணெய். வன்னி வெயிலில் தகரக் கூரையின் கீழ் எண்ணெய் சிக்கடிக்க அதிக நாள் எடுக்காது. ஒரே நாளில் நிரப்பிய பன்னிரண்டு போத்தலை எடுத்து, ஆறைக் கூரையோடு ஒட்டிய தட்டிலும் ஆறை நிலத்தோடு ஒட்டிய இருட்டான மூலையிலும் வைத்து, இரண்டு கிழமைக்கு ஒரு முறை இரண்டிலும் ஒவ்வொன்றைத் திறந்து மணந்து, தின்று, கொப்பியில் எழுதினோம். மேலே வைத்ததில் எட்டாம் கிழமை மெல்லிய சிக்கு மணம் பிடிபட்டது. கீழே வைத்தது பன்னிரண்டாம் கிழமையிலும் நன்றாக இருந்தது. இது ஆய்வுகூடப் பரிசோதனைக்கு ஈடாகாது. ஆனாலும் கடைக்காரர் போத்தலை எந்தத் தட்டில் வைப்பார் என்பதை எங்களால் கட்டுப்படுத்த முடியாது என்பதால், மோசமான தட்டுக்கும் கொஞ்சம் இடம் விட்டு ஆறு கிழமை என்று குறித்தோம். கடைக்காரர்கள் இருவர் அதற்காகவே வாங்குவதை நிறுத்தினார்கள்.

நிற அடையாளம் பற்றிய வாக்குவாதம் சிறியது, ஆனால் சுவையானது. குளிர்பானத்தில் 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை என்ற முறை 2016 ஆவணியில் நடைமுறைக்கு வந்தது. 2019 இல் திண்ம உணவுகளுக்கும் சீனி, உப்பு, கொழுப்பு மூன்றுக்கும் அளவு வகுத்தார்கள்: 100 கிராமில் சீனி 22 கிராமுக்கு மேல், கொழுப்பு 17.5 கிராமுக்கு மேல், உப்பு 1.25 கிராமுக்கு மேல் போனால் சிவப்பு. எங்கள் கைப்பாகம் 3 கிலோ எள்ளுக்கு 2 கிலோ பனங்கட்டி. உட்கார்ந்து கணக்குப் பார்த்தால், 100 கிராம் உருண்டையில் கொழுப்பு 30 கிராமுக்கு அண்மையிலும், சீனி 30 கிராமுக்கு மேலும் நிற்கிறது. இரண்டும் சிவப்பு, உப்பு மட்டும் பச்சை. “கடையில விக்கிற கலர்ச் சோடாவும் நாங்கள் செய்யிற எள்ளுருண்டையும் ஒண்டோ?” என்று அக்கா கோபித்தார். அவருடைய கோபத்தில் நியாயமில்லை என்று நான் நினைக்கவில்லை. அந்த நிறம் அளவைச் சொல்கிறதே தவிர, எள்ளில் இருக்கும் கல்சியத்தையோ நார்ச்சத்தையோ சொல்வதில்லை. ஆனால் நீரிழிவுக்காரருக்கு ஏற்றது என்று எழுதிய எனக்கு, அந்தச் சிவப்பு வட்டம் தேவையான பதிலாகவே இருந்தது.

இதே பங்குனியில்தான் ஆனையிறவு உப்பளத்தின் அயடீன் சேர்த்த உப்பு “ரஜ லுணு” என்ற சிங்களப் பெயரில் வெளியாகி, எங்கள் பக்கமெங்கும் எதிர்ப்பு எழுந்து, பெயரை “ஆனையிறவு உப்பு” என்று மாற்றுவதாக அறிவித்தார்கள். எதிர்ப்பு சரியானது, ஊர்ப் பெயர் பொதியின் முகத்தில் இருக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த நாள்களில் தேநீர்க் கடையில் இதைப் பற்றிக் கதைத்தவர்களில் ஒருவர்கூடப் பொதியின் பின்பக்கத் தமிழைப் பற்றிக் கதைக்கக் கேட்கவில்லை. கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில், சிங்களத்திலிருந்து யாரோ அவசரமாக மாற்றிய வசனத்தில், ஒரு தாய்க்கு வேண்டிய செய்தி அங்கேதான் கிடக்கிறது. எங்கள் புதிய லேபலில் கச்சான் வரியைச் சேர்மானங்களுக்கு நேர் கீழே, அதே அளவு எழுத்தில், தடித்த எழுத்தாக வைத்தோம், மற்றவற்றைச் சுருக்கினோம்.

பழைய ஸ்டிக்கரில் மூவாயிரத்துக்கு மேல் மிஞ்சியது. அச்சுச் செலவில் பாதியை நான் கொடுத்தேன். மறு பாதியைச் சங்கக் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். அச்சகத்தில் இப்போது சொல்லி வைத்திருப்பது ஒன்றே: எடுப்பதானால் படத்தை எடு. பி.எச்.ஐ. இரண்டாம் முறை வந்து கொப்பியைப் புரட்டிப் பார்த்தார், புதிய லேபலில் தேறிய நிறையின் எழுத்து சிறியது என்று சொல்லி அதைத் திருத்துவித்தார், தராசு முத்திரையிட்டதா என்று கேட்டார், விற்கலாம் என்றார். பிள்ளையின் தாயிடம் மூத்த அக்காவும் நானும் போய் நடந்ததைச் சொன்னோம். அவர் கோபப்படவில்லை. புதிய போத்தல் ஒன்றைக் கையில் வாங்கி, அந்த வரியை வாசித்துவிட்டு, நன்றி சொல்லித் திருப்பித் தந்தார்.

வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயில் பொங்கலுக்குக் கடை போட்டார்கள். போத்தலுக்கு ஆள் குறைவு; வழக்கம்போலக் கச்சானும் எள்ளுருண்டையும் சில்லறையாகத்தான் போயிற்று. சில்லறைக்கு லேபல் கிடையாது. இரண்டையும் ஒரே பெட்டியில் அடுக்கும் வழக்கத்தை விட்டு, மேசையின் இந்த முனையில் ஒரு தட்டமும் அந்த முனையில் ஒரு தட்டமும் வைத்து, நடுவில் சில்லறைக் காசுப் பெட்டியை வைத்திருந்தார்கள். எள்ளுத் தட்டத்துக்கு வேறு கை, வேறு இடுக்கி. பிள்ளையோடு வந்தவர்களிடம், கச்சான் ஒத்துக்கொள்ளுமோ என்று இளைய பெண் கேட்டுக் கேட்டே கொடுத்தாள். இரவு பன்னிரண்டு மணிக்கு மேல் கூட்டம் முட்டியபோதும் கேட்டாளா என்று எனக்குத் தெரியாது. நான் அதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டேன்.